தவளைக்கு எந்தத் தோட்டம்?

அன்பு மகனுக்கு,

பினாங்கு விமான நிலையத்தில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, நீயும் நானும் ஒரு தவளையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உன் பெட்டிகள் எடை போடப்பட்டு உள்ளே போய்விட்டன. உன் கையில் கடப்பிதழ் மட்டும் இருந்தது. நான் கைப்பேசியை உன் முகத்துக்கு நேராக நீட்டி, "இந்தப் பதிவ நான் விட மாட்டேன்" என்றேன். "ஒரு பொண்ணு உதவி கேக்குதுமா. விட்டுடுங்க" என்றாய் நீ. "பொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்? படத்துல தவளைதான இருக்கு? எந்த ஊரு, எந்தத் தோட்டம், யாரு வீட்டுப் புள்ள, ஒண்ணும் சொல்லலயே." "சொன்னா மாட்டிக்கும்மா. அதான் சொல்லல." காடியை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி அலைந்துவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த உன் அப்பா, நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "தவளைய வீட்லயே வுட்டுட்டு வந்திருக்கலாம்ல ரெண்டு பேரும்?" என்றார். நீ சிரித்தாய். பிறகு, உள்ளே போகும் வாசலில் திரும்பி நின்று, சிரிக்காமல் சொன்னாய்: "நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்கமா. அதான் உங்க பிரச்சன."

சாப்பிட்டாயா, குளிர் தாங்குகிறாயா என்றெல்லாம் இங்கே கேட்கப் போவதில்லை. அதை வீடியோவில் கேட்டுவிடுகிறேன். நீயும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாய். இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. நம் குழுவில் நீ ஆசையாகத் தொடங்கிய அறிமுகப் பதிவை நேற்று நான் அழித்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். ஏன் அழித்தீர்கள் என்று குழுவில் பலர் கேட்கிறார்கள், சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதத்தை அங்கேயும் போடுவேன். ஆனாலும் உனக்குத்தான் முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ பொலிடெக்னிக்கில் படித்த காலத்தில், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் தமிழில் கேட்க ஓர் இடம் இல்லையே என்று இந்தக் குழுவை ஆரம்பித்தாய். ஆரம்பித்த வேகத்தில் பொய்க் கணக்குகள் வந்து குவிந்தன. எடை குறைக்கும் மருந்து, ராசிக்கல், தெரியாத மொழியில் ஏதேதோ விளம்பரங்கள். நீ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். உள்ளே வருபவர் முதலில் அறிமுகப் பதிவில் எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று, வயதோடும் கைப்பேசி எண்ணோடும் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் மற்ற கேள்விகளைக் கேட்கலாம். "ரோபோவுக்கு ஏதுமா தோட்டம்?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய். அது வேலையும் செய்தது. கெடா மாநிலத்தில் இரண்டு தமிழர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைத்தானே கேட்கிறோம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தாகிவிட்டது, செம்பனையையும் வெட்டித் தாமான் என்று குடியிருப்புகள் கட்டியாகிவிட்டது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் கண் மட்டும் தெரியும்படி உடை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள்கூட, கேட்டால், அப்பா அம்மா விட்டுவந்த தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சுங்கைப்பட்டாணித் தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்த நீயே உன்னை "செர்டாங் பக்கம்" என்று எழுதியிருந்தாய். என்னையும் எழுத வைத்தாய்: "செர்டாங் பக்கம், தோட்டத்து மருந்தக உதவியாளர் மகள்." அந்தப் பதிவின் கீழே ஒருவர் தன் அப்பாவின் பள்ளித் தோழரைக் கண்டுபிடித்தார். ஒரு பெண் தன் சித்தப்பா மகனைக் கண்டுபிடித்தாள். வேலை முடிந்து நிறுவனப் பேருந்தில் வரும்போது நான் அதைப் படிப்பேன். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததனாலேயே அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை.

உன் கடைசித் தேர்வு நெருங்கியபோது குழுவின் சாவியை என்னிடமும் குணாவிடமும் கொடுத்தாய். குணா கூலிமில் தொழில்நுட்பர், எல்லாருக்கும் நல்லவன். ஒரு பதிவை உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது சும்மா ஒரு பொத்தானை அழுத்தும் வேலை என்று நீ நினைத்திருக்கலாம். அனுமதிக்குக் காத்திருக்கும் வரிசையில் என்னென்ன வரும் என்று உனக்கும் தெரியும். கணினித் திரையைக் கோணலாகப் படம் பிடித்து, "ஓட மாட்டுது, ஹெல்ப்" என்று ஒரே வரி. வாத்தியார் கொடுத்த பயிற்சியை அப்படியே ஒட்டிவிட்டு, "அவசரம், நாளைக்குள் வேண்டும்" என்று ஒரு கட்டளை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பதிலைத் தான் எழுதியதாகப் போடுகிறவர்கள். அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். நடுவில் ஒரு திருமண அழைப்பிதழ். நான் தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் நிரல் எழுதுகிறவள். எதுவும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் வரிசையையும் பார்த்தேன். குணா மட்டும், "விடுங்கக்கா, பாவம்லா" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவான்.

என் சந்தேகம் தொழிற்சாலையில் தொடங்கியதும் இல்லை. உன்னிடம் இதை முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாட்களில், மலிவு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். எங்களுக்கு அவர் மாமா. பக்கத்துத் தோட்டத்துக்காரர், கோவில் திருவிழாவில் முன்னால் நிற்பவர். எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து தேநீர் குடித்து, எல்லார் பிறப்புப் பத்திரத்தையும் அசலாகவே வாங்கிக்கொண்டு போனார். வீடும் வரவில்லை, பத்திரங்களும் வரவில்லை. பேருந்தில் பையை விட்டுவிட்டார் என்றார்கள். ஏதோ அலுவலகத்தில் கொடுத்து அங்கே தொலைந்தது என்றும் சொன்னார்கள். அவர் திருடர் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. திருடராக இருந்திருந்தால் என் அப்பா கோபப்பட்டிருப்பார். நான் தேர்வுக்குப் பதிந்துகொள்ள முடியாமல் பதிவிலாகாவின் வாசலில் நாள்கணக்கில் நின்றபோதும் அப்பா சொன்னது இதுதான்: "நம்ம ஆளு. வேணும்னா செஞ்சாரு?" அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து எங்கே கேட்டாலும் எனக்குப் பற்களைக் கடிக்கத் தோன்றும்.

இப்படிப்பட்டவள் ரவியை எப்படி உள்ளே விட்டேன் என்று நீ கேட்கலாம். குழுவில் எல்லாரும் "ரவி அண்ணன்" என்று அழைத்த அந்த மனிதர் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறார் என்பது உனக்குத் தெரியும். அறிமுகப் பதிவில் சிடாம் கிரி பக்கம் என்று எழுதியிருந்தார். குணாவுக்கு அவருடைய மச்சானைத் தெரியும். இலவசப் பயிற்சி, முடித்தால் வேலை என்ற விளம்பரம். தமிழ் நன்றாக இருந்தது, வணக்கம் இருந்தது, ஒரு பிழையும் இல்லை. குணா அனுமதித்தான், நான் தடுக்கவில்லை. சில நாள் கழித்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "வணக்கம் அக்கா. நீங்க செர்டாங் பக்கம்னு கேள்விப்பட்டேன். எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான். நம்ம பிள்ளைங்க முன்னேறணும்னா நாமதான் கை கொடுக்கணும்." கீழே ரவியின் பெயரும், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி ஓர் இணைப்பும். இணைப்பை நான் தொடவில்லை. பதிலும் எழுதவில்லை, முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் தொழிற்சாலை உணவகத்தில் அந்தச் செய்தியை இரண்டாவது முறை படித்தேன். செர்டாங்கில் அந்த அம்மா எந்த லயத்து வீட்டில் இருந்திருப்பார், என் அப்பாவிடம் மருந்து வாங்க வந்திருப்பாரோ என்று ஒரு வாய்ச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அடுத்த விளம்பரம் வந்தபோது ஒரு நொடியில் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை புதிய வகுப்பு, வரும்போது அசல் சான்றிதழ்களைக் கொண்டு வரவும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அசல் என்ற சொல்லைப் பார்த்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்கும் எனக்கு, அன்று எதுவும் தோன்றவில்லை. விமான நிலையத்தில் உன்னிடம், "ரவியப் பத்தி விசாரிச்சிட்டேன், நல்ல மனுஷன்" என்று சொன்னேனே, நான் விசாரித்தது இவ்வளவுதான்.

தவளையின் கதை வேறு மாதிரி. பச்சைத் தவளைப் படம், பெயர் கிடையாது. முதல் கேள்வி: ஒரே செய்தியைப் பெயர் மட்டும் மாற்றி நிறையப் பேருக்கு அனுப்ப வேண்டும், கணக்கு முடக்கப்படாமல் அனுப்புவது எப்படி? இதை யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நிராகரித்துவிட்டு, "அறிமுகப் பதிவில் முதலில் எழுதுங்கள்" என்று குறிப்பு வைத்தேன். "எழுத முடியாதுகா" என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி இன்னும் மோசம்: ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிலிருந்து அனுப்புவது எப்படி? அந்தக் கணக்கையே தடுத்தேன். நீ கிளம்பிய அன்று, இன்னொரு கணக்கு, இந்த முறை மஞ்சள் தவளை. "சுங்கைப்பட்டாணியில ஒரு நிலையத்துல படிக்கிறேன். பயிற்சின்னு சொல்லி மெசேஜ் அனுப்புற புரோகிராம்தான் எழுத வைக்கிறாங்க. எழுதி முடிக்கலனா எங்க ஒரிஜினல் எஸ்.பி.எம். பரீட்ச சர்டிபிகேட்ட தர மாட்டாங்களாம். எல்லா எடத்துலயும் இப்படித்தானா? எப்படித் திரும்ப வாங்குறது?" விதிப்படி பார்த்தால் என் மூன்று முடிவுகளும் சரி. நேற்று மோசடிக்கு வழி கேட்டவர் இன்று பாதிக்கப்பட்டவர் ஆகிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. நம் குழுவில் சுங்கைப்பட்டாணி நிலையம் என்றால் ரவியுடையதுதான்; போட்டி நிலையத்து ஆளாக இருக்கலாம், ரவியைக் கவிழ்க்க யாரோ செய்யும் வேலையாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நீ பெண் என்றாய். நான் தவளை என்றேன். விமானம் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் நெரிசல். உன் அப்பா வானொலியை அணைத்துவிட்டு, "அவன் சொன்னது தப்பா?" என்று கேட்டார். நான் யாரையும் நம்புவதில்லை என்பது உண்மையாக இருந்தால் அந்தச் சொல் எனக்குச் சுட்டிருக்காது. தொழிற்சாலையில் ஒரு சில்லு தேறவில்லை என்றால் அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு உட்கார மாட்டோம், அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம். தவளையிடம் நான் கேட்டதெல்லாம் எந்தப் பெட்டி என்ற கேள்வியைத்தான். வீட்டுக்கு வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் தனிச்செய்தி எழுதினேன். "நீ யார் என்று கேட்கவில்லை. அனுப்பச் சொல்கிறார்களே, அந்தச் செய்தி என்ன?"

அது தன் நிரலையே அனுப்பியது. நிரல் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஒரே கடிதம், நடுவில் காலியான கட்டங்கள். பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம், உறவுக்கு ஒரு கட்டம். ஆள் இளையவர் என்றால் தம்பி அல்லது தங்கச்சி என்று நிரப்பு. நாற்பது தாண்டியிருந்தால் அண்ணே அல்லது அக்கா. அதற்கும் மேலே என்றால் ஐயா அல்லது அம்மா. ஊர்க் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வரியை மாற்றாமல் விடு: "எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான்." இந்தப் பெயரும் ஊரும் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நம்ம குரூப்புலேருந்துதான்கா. அறிமுகப் பதிவுலேருந்து. அதான் அதுல எழுத மாட்டேன்னேன்." என் கைப்பேசியில் இருந்த செய்தியை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை. இதை எனக்கு அனுப்பியதே நீயா என்று கேட்டேன், அந்த நேரத்திலும் சந்தேகம் போகவில்லை. "இருக்கலாம்கா. எனக்கு யாருக்குப் போகுதுன்னு தெரியாது. சாரிகா." உணவகத்தில் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்துப் பார்த்த அந்த அம்மா, எல்லாருக்கும் மாறாமல் போகும் ஒரு வரி.

அப்படியென்றால் உடனே பதிவை விட்டிருக்கலாமே என்பாய். நானும் விரலை அங்கே கொண்டுபோனேன். பிறகு எழுதினேன்: "இதைப் போட்டால் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாதா?" பதில் வந்தது: "தெரிஞ்சிடும்கா. இந்த வேலைய நாங்க ரெண்டு மூணு பேருதான் செய்யறோம். அத யோசிக்கல. போடாதீங்க." நீ சொன்னபடி அன்றே விட்டிருந்தால் அவள் சான்றிதழ் ரவியின் மேசை இழுப்பறையை விட்டு வெளியே வந்திருக்காது. நான் நினைத்தபடி மூடி வைத்திருந்தால் திங்கட்கிழமை இன்னும் பல பிள்ளைகள் தங்கள் சான்றிதழை அதே இழுப்பறையில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். ஒருத்தியைக் காப்பாற்ற மற்றவர்களை விடுவதா, மற்றவர்களுக்காக இவளை மாட்டிவிடுவதா? ஒரு பதிவை விடுவதா வேண்டாமா என்ற பொத்தானுக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கும் என்று நீ அந்தச் சாவியைக் கொடுத்தபோது நாம் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூலிமில் ஒரு கடையில் குணாவைச் சந்தித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "அவரு மச்சான கோவில்ல பாப்பேன்கா. அவங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல."

"அவர நீ பார்த்திருக்கியா?"

"மச்சானத்தான் பார்த்திருக்கேன்." கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "நம்ம ஆளு ஒருத்தன் மேல வர்றதே பெருசுகா. நாமளே கால வாரணுமா? அவரு என்ன வேணும்னா செஞ்சாரு?"

பற்களைக் கடித்துக்கொண்டு என் கைப்பேசியை அவன் முன்னால் வைத்தேன். படித்தான். சிரித்தான். பிறகு தன் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினான். தேடத் தேடச் சிரிப்பு நின்றது. "எனக்கும் வந்திச்சுகா. 'அண்ணே, நீங்க பாடாங் செராய் பக்கம்னு கேள்விப்பட்டேன், எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான்.' நான் தேங்க்ஸ் சொல்லி, அம்மாவ கேட்டதா சொல்லுங்கன்னு வேற போட்டிருக்கேன்." என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குச் செர்டாங், எனக்குப் பாடாங் செராய். அந்தம்மா எத்தன எடத்துல பொறந்தாங்க?"

நான் செய்ய வேண்டியது என்ன என்பது குணாவின் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. தவளையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை காலை, பசியாறிவிட்டு, ரவியின் விளம்பரத்துக்குக் கீழே என் சொந்தப் பெயரில் எழுதினேன்: "வணக்கம் ரவி. எனக்கு அனுப்பிய செய்தியில் உங்கள் அம்மா செர்டாங் பக்கம் என்றீர்கள். நான் அங்கே வளர்ந்தவள். எந்தத் தோட்டம்?" அவ்வளவுதான். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் கேட்கிற கேள்வி. சற்று நேரத்தில் குணா அதன் கீழே, "எனக்குப் பாடாங் செராய்னு வந்திச்சே அண்ணே" என்று போட்டான். அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. "எனக்கு பீடோங்லா." "எங்க அக்காவுக்கு குருண்." "எனக்கு லூனாஸ், எங்க வீட்டுக்காரருக்குக் கோலக்கெட்டில். ஒரே வீட்டுல ரெண்டு அம்மாவா?" கோத்தா கினபாலுவில் பிறந்து வளர்ந்த ஒரு பையன் எழுதினான்: "அண்ணே, நான் சபா. எங்க ஊர்ல தமிழ் வீடே கொஞ்சம். உங்கம்மா எங்க எதிர்வீடா?" சிரிப்புப் படங்கள் கொட்டின. நடுவில் ஒரு தாய் சிரிக்காமல் கேட்டார், "திங்கட்கிழம எம்மவன் ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டு போவணும்னு சொல்றான். கொடுக்கலாமா?" நான் பதில் எழுதினேன்: "நகல் மட்டும். அசலை யார் கையிலும் விடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்." ரவி ஒரு முறை வந்தார். தொழில்நுட்பக் கோளாறு என்றார், சிலருக்குப் பொறாமை என்றார். எந்தத் தோட்டம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. மதியத்துக்குள் விளம்பரமும் இல்லை, அவரும் குழுவில் இல்லை.

திங்கட்கிழமை குணா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த மேல்மாடிக்குப் போனான். பிள்ளைகளோடு பெற்றோரும் வந்திருந்தார்கள், பழைய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும். "ஒரு அம்மா உள்ள போயி மேசை மேல ரெண்டு கையும் வச்சிட்டு நின்னுட்டாங்கக்கா. 'எம்புள்ளயோடத எடு. எடுக்காம நான் கீழ எறங்க மாட்டேன்'னாங்க. அவரு 'பாதியில ஓடிடக் கூடாதுன்னுதான்மா வாங்கி வச்சேன், நான் என்ன திங்கவா போறேன்'னு சொல்றாரு. மொத்தக் கட்டையும் மேசையில போட்டாரு. அவங்கவங்க தேடி எடுத்துக்கிட்டாங்க." தவளை யார் என்று தெரிந்ததா என்று கேட்டேன். "அந்தக் கூட்டத்துல யாரக்கா தவளன்னு கண்டுபிடிக்கிறது? எல்லாமே மொறச்சிட்டு நின்னுச்சுங்க." அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அன்று மாலை மஞ்சள் தவளையிடமிருந்து ஒரு வரி: "கெடச்சிடுச்சுகா." நான் "நல்லது" என்று எழுதினேன். குணாவும் நானும் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தச் செயலி என்ன செய்கிறது, அந்தச் செய்தியை நம்பி யாரெல்லாம் அதை இறக்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கவலை தீரவில்லை.

அறிமுகப் பதிவை ஏன் அழித்தேன் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். ரோபோவுக்குத் தோட்டம் கிடையாது என்பது சரிதான். ஆனால் நாம் எல்லாருடைய தோட்டத்தையும், அப்பா பெயரையும், வயதையும் ஒரே இடத்தில், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும்படி பரப்பி வைத்திருந்தோம். ரோபோவுக்கு அதன்பின் தோட்டத்துக்கு என்ன பஞ்சம்? பயந்து ஒளிந்துகொள்ள வேண்டியவளுக்குத்தான் அந்த வாசலில் இடமில்லாமல் போனது. அழித்ததும் ஒரு பையன் எழுதினான், "கா, எங்கப்பா பேர அதுல எழுதி வச்சிருந்தேன். அவரு இப்ப இல்ல." அதைத் தாங்குவது எளிதாக இல்லை. நான் அழிப்பதற்கு முன்பே அவரவர் எழுதியதை அவரவருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அவனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினேன். எல்லாருக்கும் அனுப்ப ஒரு நிரல் தேவைப்பட்டது, ஒரே கடிதம், நடுவில் கட்டங்கள். அதைத் தவளைதான் எழுதித் தந்தது. அதற்கு அந்த வேலை அத்துப்படி. உறவுக்கான கட்டத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

இனி விளம்பரம் போடுகிறவர் யாராக இருந்தாலும், அசல் ஆவணம் கேட்பீர்களா, பிள்ளைகளை என்ன வேலை செய்ய வைப்பீர்கள் என்ற இரண்டுக்கும் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல விரும்பாதவர் சொல்ல வேண்டாம். கோபமாக எழுதியிருக்கிறது, விதிக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றும் பதிவை உடனே தள்ளாமல், ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். இது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். ரவியைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இந்நேரம் இதற்கும் ஏற்ற மாதிரி ஒரு விளம்பரம் எழுதிக்கொண்டிருப்பான்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய். வார இறுதியில் தமிழ்க் கடையிலோ கோவிலிலோ யாராவது உன்னிடம் எந்த ஊர் தம்பி என்று கேட்பார்கள். கெடா என்றதும், எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உன் மனம் இளகும். இளகட்டும். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் எதைக் கேட்டாலும், கையெழுத்தோ கடப்பிதழோ எதுவானாலும், அடுத்த நாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. நான் யாரையும் நம்புவதில்லை என்றாய். அப்படி இருந்திருந்தால் பரவாயில்லை. நம்பக்கூடாத இடத்தில் நம்பிவிட்டு, நம்பியிருக்க வேண்டிய இடத்தில் உன்னோடு சண்டை போட்டேன். கட்டிப்பிடித்து அனுப்ப வேண்டிய நேரம் அதில் போய்விட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

இன்று காலை வரிசையைத் திறந்தபோது தவளையின் புதிய கேள்வி ஒன்று இருந்தது. இந்த முறை மறுபடியும் பச்சைப் படம். கடை வைத்திருக்கும் தன் அத்தைக்காகச் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கும் நிரல் எழுதுகிறதாம். கூட்டும்போது கடைசிப் பொருள் மட்டும் விட்டுப்போகிறதாம், ஏன் என்று கேட்டிருக்கிறது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. உன்னைப் போல நானும் அவள் என்று எழுதுகிறேனே தவிர, அது பெண்தானா என்பதுகூட எனக்கு இன்னும் தெரியாது. ஆனாலும், நீ சிரிப்பாய், அனுமதிப்பதற்கு முன் அந்த நிரலை என் கணினியில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கடைசிப் பொருள் உண்மையாகவே விட்டுப்போகிறது. பதிவை உள்ளே விட்டுவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நீ எழுந்ததும் பார்த்துப் பதில் போடு.

அம்மா